பாயை இழைத்தவர் யார்?

எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தின் மேல்மாடியில் உள்ளூர்க் கலைஞர்களின் கண்காட்சியொன்று மூன்று நாட்கள் நடந்தது. ஓவியம், அரபு எழுத்தணி, கைத்தறி, பன்பாய் எல்லாம் ஒரே கூரையின் கீழ். நமது பகுதியில் இப்படியொன்று அடிக்கடி வாய்ப்பதில்லை. ஏற்பாட்டாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பாராட்டோடு நின்றுவிட்டால் அது விமர்சனமாகாது.

ஓவியங்களில் பெரும்பாலானவை பழகிய காட்சிகளே: தோணி, தென்னை, அந்திக் கடல். எழுத்தணி ஒரு படி மேல். பேனா முனை இடும் புள்ளியை அளவாகக் கொண்டு அலிபின் உயரத்தைத் தீர்மானிப்பது அக்கலையின் பழைய ஒழுங்கு. இளைஞர் ஒருவர் எழுதிய பிஸ்மில்லாஹ்வில் அந்த ஒழுங்கு பிசகவில்லை. பக்கத்திலிருந்த இன்னொன்றில் தங்கநிறம் கண்ணைப் பறித்ததே தவிர, எழுத்துகளின் அளவு ஒன்றோடொன்று சேரவில்லை.

இவை ஒவ்வொன்றின் கீழும் கலைஞரின் பெயர், தலைப்பு, விலை எல்லாம் இருந்தன. கைத்தறிப் பக்கம் வந்தால் 'மருதமுனைச் சாறன்' என்று மட்டுமே. சரி, ஊருக்கு அது பெருமைதான். ஆனால் ஊரா தறியில் குந்தியிருந்து நெய்தது? மூலையில் சுருட்டிச் சாத்தியிருந்த பாய்களுக்கு 'பாரம்பரியக் கைப்பணி' என்றொரு அட்டை. பன்னை வெட்டி, காயவைத்து, சாயம் தோய்த்து, நாட்கணக்கில் முதுகு வளைத்து இழைத்தவர் யாரென்று அதில் இல்லை.

அருகில் நின்ற மூத்தம்மா ஒருவர் ஒரு பாயை விரித்துக் காட்டினார். "இது நான் இழைச்சது மகள். ஓரம் மடிச்சிருக்கிறதப் பாத்தாலே தெரியும்." அந்த மடிப்புத்தான் அவரது கையெழுத்து. நமக்குத்தான் அதை வாசிக்கத் தெரியவில்லை.

ஏற்பாட்டாளர் ஒருவரிடம் கேட்டேன். "பொம்புளைகள் பேர் போட விரும்பமாட்டாங்க டீச்சர்" என்றார். கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். பதிலில்லை. மூத்தம்மாவோ, "கேட்டாச் சொல்லியிருப்பனே" என்று சிரித்தார்.

இலண்டன் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அர்தபீல் கம்பளத்தில் மக்ஸூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன. கைவினையில் பெயர் பொறிப்பது நமது மரபுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கேயும் ஒரு பெயர்தான். முடிச்சுப் போட்ட மற்றக் கைகளுக்குப் பெயரில்லை.

இலக்கியக்காரர்களாகிய நாமும் இதைத்தான் செய்திருக்கிறோம். நமது பெண்கள் பாடிய கவிகளை 'நாட்டார் கவி' என்று தொகுத்தோம். தொகுத்தவரின் பெயர் அட்டையில் இருக்கும். பாடிக்காட்டிய உம்மாவின் பெயரைப் பல தொகுப்புகளில் தேடினாலும் கிடைக்காது. அதைப் பாடமாகப் படிப்பிக்கிற நானும் இதுவரை கேட்டதில்லை.

அடுத்த கண்காட்சிக்குப் பெரிய செலவொன்றும் தேவையில்லை. பாயைச் சுவரில் விரித்து மாட்டுங்கள். இழைத்தவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் பெயரை எழுதுங்கள். வேண்டாமென்றால் அதுவும் அவர் முடிவாக இருக்கட்டும், நம்முடையதாக வேண்டாம்.