திரையே சொல்லும் கோளாறு

பழைய கணினியில் படம் வராமல் போவது சாதாரணம். ஏன் வரவில்லை என்பதைக் கெட்டுப்போன படத்திலேயே எழுதிக் காட்டுகிற கணினிகள் அபூர்வம். 1982-ல் இங்கிலாந்தில் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் அப்படி ஒன்று. அதன் பழுதும் எனக்கு அழகாகவே தெரிகிறது.

டிவியின் 36-ஆம் சேனலுக்குப் படம் அனுப்பும் மாடுலேட்டர் இன்றைய டிவிகளோடு ஒத்துப்போகாவிட்டால், அதைத் தாண்டி காம்போசிட் சிக்னலை நேரே எடுத்துவிடலாம். அது சின்ன வேலை. ரசிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான்.

சுவிட்சைப் போட்டதும் ரோமில் உள்ள நிரல், நினைவகத்தைச் சோதிக்கிறது. எல்லா இடத்திலும் 2 என்ற எண்ணை எழுதுகிறது. திரைக்கான இடமும் அதே நினைவகத்தில்தான், 16384 என்ற முகவரியிலிருந்து. அதனால் அந்த 2 படமாகவும் விழுகிறது, நிறமாகவும் விழுகிறது. இரும எண்ணில் 2-க்கு எட்டு பிட்டுகளில் ஒன்றுதான் எரியும். எனவே ஒவ்வொரு எழுத்துக் கட்டத்திலும் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. நிற வரிசையில் 2 சிவப்பு. கறுப்பின் மேல் சிவப்புக் கோடுகள் கொஞ்ச நேரம் நின்று மறைந்தால் உடம்பு நலம். திரை வெளுத்து, அடியில் சின்க்ளேர் பெயர் வந்துவிடும்.

கோடுகள் மறையாமல், கட்டத்துக்குக் கட்டம் ஒரே இடத்தில் இன்னொரு கோடும் நின்றால்? கீழ் 16கே நினைவகத்தில் எட்டு 4116 ஐசிகள், ஐசிக்கு ஒரு பிட். கோடு எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று எண்ணினால் சந்தேகப்பட வேண்டிய ஐசி தெரிந்துவிடும். கைநாடி பார்க்கும் வைத்தியரின் நிதானம் இதற்குப் போதும்.

நிறமும் போய், திரை முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் என்றால் ஐசிகளைத் தொடவே கூடாது. நிறம் கலக்கும் எல்எம்1889-க்கும் 4116-க்கும் 12 வோல்ட் வருவது ஒரே இடத்திலிருந்து: ஒரு சின்னச் சுருளும் டிஆர்4 டிரான்சிஸ்டரும் சேர்ந்த சுற்று. நிறமும் நினைவகமும் சேர்ந்து படுத்தால் குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான். மைனஸ் 5 வோல்ட்டும் அதே சுற்றில்தான் பிறக்கிறது. அது இல்லாமல் ஓடினால் 4116 கெட்டுப்போகும்.

பரணில் ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படம் வரவில்லையே என்று திரும்பத் திரும்பச் சுவிட்சைப் போடாதீர்கள். ஒரே தடவை போட்டு, 4116-இன் முதல் காலில் மைனஸ் 5 வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.