காஃப்காவின் கந்தோர்

ஜேர்மன் மொழியில் எழுதிய பிரான்ஸ் காஃப்காவை நசிவு இலக்கியகாரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் வழக்கம் முற்போக்குத் திறனாய்வாளரிடையே நெடுங்காலம் நிலவியது. ஜோர்ஜ் லூக்காச் போன்ற பேரறிஞரே, 1958 இல் வெளியான தமது நூலில், காஃப்காவா தோமஸ் மன்னா என வினவி மன்னின் பக்கம் நின்றார். தனிமனிதனின் அச்சத்தை மாறாத மனித விதியாக்கிக் காட்டிவிட்டார் என்பது காஃப்கா மீதான குற்றச்சாட்டு. அது முற்றிலும் பொய்யெனக் கூற நாம் முன்வரவில்லை. ஆயினும், அவரைப் படித்துப் பிறமொழிகளில் எழுதியோர் அவரிடமிருந்து எதனை எடுத்துக்கொண்டனர் என்பதையும் நோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறுதல் தகும். அவ்வாறு நோக்குமிடத்து, பூச்சியாக மாறிய மனிதனைக் காட்டிலும் ஒரு கந்தோரே நம் கண்முன் பெரிதாக எழுகின்றது.

1883 இல் பிராகு நகரிற் பிறந்த காஃப்கா சட்டம் பயின்றவர். 1908 முதல் 1922 வரை அந்நகரின் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்திற் கடமையாற்றினார். மரஞ்சீவும் இயந்திரங்களிற் சதுரத் தண்டு பொருத்தப்பட்டிருந்தமையால் தொழிலாளர் விரல்களை இழந்துவந்தனர். உருளைத் தண்டினால் அவ்விபத்தைத் தவிர்க்கலாமென்று விளக்கப் படங்களுடன் அறிக்கை எழுதியவர் அவரே. ஊனமுற்றவனின் விண்ணப்பம் எத்தனை மேசைகளைக் கடக்கவேண்டும், எந்த மேசையில் உறங்கிவிடும் என்பனவற்றை அவர் உள்ளிருந்தே அறிந்தார். அவர் 1924 இல் இறந்தபின் நண்பர் மாக்ஸ் புரோட் வெளியிட்ட 'விசாரணை', 'கோட்டை' ஆகிய நாவல்களின் இருள் எங்கிருந்து வந்ததென்று தேட நாம் தத்துவ நூல்களைப் புரட்டவேண்டியதில்லை.

செக் வாசகரிடம் அவரைச் சேர்த்தவர்கள் இதனை உணர்ந்திருந்தனர் போலும். மிலேனா ஜெசென்ஸ்கா மொழிபெயர்த்த 'தீ மூட்டுவோன்' 1920 இல் 'க்மென்' ஏட்டில் வெளிவந்தது. அதன் ஆசிரியரான கவிஞர் நொய்மன், மறு ஆண்டு தோன்றிய செக்கோஸ்லவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியோருள் ஒருவர். கப்பலின் அடித்தட்டில் உழைப்பவன் மேலதிகாரியின் அநீதியைக் கப்பற்றலைவனிடம் முறையிடச் செல்வதும், அங்கே அம்முறையீடு சிதறிப்போவதுமே கதை. பின்வந்த ஒதுக்கலை எண்ணும்போது இது விந்தையே.

பொகோட்டாவிற் சட்ட மாணவராயிருந்த கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1947 இல் 'உருமாற்றம்' கதையை ஸ்பானிய மொழியிற் படித்தார். இப்படியும் எழுதலாமோ என்று வியந்ததாகவும், நம்பவியலாதவற்றை முகம் மாறாமற் சொல்லும் தம் பாட்டியின் தொனியை அதிற் கண்டதாகவும் பிற்காலத்திற் கூறினார். அவ்வாண்டிலேயே அவரது முதற்கதை அச்சேறியது. சவப்பெட்டியிற் கிடப்பவனின் எண்ணவோட்டமாக அமைந்த அக்கதையில் நமக்குப் பெருமதிப்பில்லை. அது காஃப்காவின் சட்டையை இரவல் வாங்கி அணிந்த எழுத்து.

1961 இல் நூலாக வந்த 'கேணலுக்கு ஒருவரும் எழுதுவதில்லை' என்னும் குறுநாவலின் நிலை வேறு. உள்நாட்டுப் போரிற் பங்குகொண்ட முதிய கேணல் இளைப்பாற்றுச் சம்பளக் கடிதத்துக்காக 15 ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் படகுத்துறைக்குப் போகிறார், தபாற்பையின் பின்னால் தபாற் கந்தோர்வரை நடக்கிறார், வெறுங்கையுடன் மீள்கிறார். பத்திரங்களைத் திருப்பிக் கேட்டால், எத்தனையோ அமைச்சர்கள் மாறிவிட்டனர், அவை எந்தக் கோவையிற் கிடக்கின்றனவோ என்கிறார் சட்டத்தரணி. இரகசியத் துண்டுப் பிரசுரம் வழங்கியமைக்காக மகன் கொல்லப்பட்டுவிட்டான். வீட்டில் எஞ்சியிருப்பது அவனுடைய சேவல். இங்கே பூச்சியுமில்லை, கனவுமில்லை. நடையில் ஹெமிங்வேயின் சாயலைக் காண்போர் உளர், நாமும் மறுக்கவில்லை. ஆனால் முகமறியாத ஒரு பீடம் மனிதனைக் காக்கவைத்தே கொல்லும் முறையைப் படிப்படியாகக் காட்டும் ஆற்றல் காஃப்காவின் கொடை. அதிலும், காத்திருத்தலை மனித விதியாக்காமல், அதற்கு ஒரு நாட்டையும் ஓர் ஆட்சியையும் பசியையும் மார்க்கேஸ் கொடுத்துவிட்டார். லூக்காச் எழுப்பிய குறைக்கு விடை திறனாய்விலிருந்து வராமற் படைப்பிலிருந்தே வந்தது.

தென்னாபிரிக்காவின் கூட்சே 1983 இல் எழுதிய நாவலின் நாயகனுக்கு மைக்கேல் கே என்று பெயர். நோயுற்ற தாயை ஊருக்குக் கொண்டுசெல்ல அவன் கேட்ட அநுமதிப் பத்திரம் வாராமையால், அவளைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்கிறான். நிறவெறி ஆட்சியில் வாழ்ந்தவர்களுக்கு இதிற் குறியீடு தேடவேண்டிய அவசியமிருந்திராது. மூடுபனியை மட்டும் எடுத்துக்கொண்டு காஃப்காவின் பெயரால் எழுதியோரும் பலமொழிகளில் உண்டு. அவர்களை விட்டுவிடுவோம்.

நமக்குக் கசப்பான பகுதி இனித்தான் வருகிறது. 1963 மே மாதத்தில் பிராகுக்கு அண்மையிலுள்ள லிப்லிட்சே மாளிகையில் மார்க்சியர்கள் காஃப்காவைப் பற்றிக் கூடிப் பேசினர். சோஷலிச நாடுகளில் அந்நியமாதலுக்கு இடமில்லை, ஆதலாற் காஃப்கா கடந்தகாலத்துக்குரியவர் என்ற போக்கிற் கிழக்கு ஜேர்மன் பேராளர்கள் வாதித்தனர். ஒஸ்திரியாவின் ஏர்ன்ஸ்ட் பிஷரும் பிரான்சின் ரொஜே கரோடியும் மறுத்தனர். மாநாட்டைக் கூட்டிய எடுவார்ட் கோல்ட்ஸ்டுக்கர், 1951 இல் தம் சொந்தக் கட்சியின் ஆட்சியிலேயே கைதுசெய்யப்பட்டு, செய்யாத குற்றத்துக்காக ஆயுட்தண்டனை பெற்று, 1955 இல் விடுவிக்கப்பட்டவர். 'விசாரணை' அவருக்கு வெறும் உருவகமாக இருந்திருக்க முடியுமா? 1968 இற் சோவியத் படைகள் பிராகுக்குள் நுழைந்தபின் அவர் மீண்டும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

அல்பேனியாவின் இஸ்மாயில் கடாரே 1981 இல் வெளியிட்ட 'கனவுகளின் அரண்மனை'யை காஃப்காவின் வழிவந்ததெனப் பலரும் கருதுவர். குடிமக்களின் கனவுகளைத் திரட்டி, தரம்பிரித்து, சதி தேடும் ஒட்டோமன் பேரரசின் கந்தோரே அதன் களம். அங்கே இலிகிதனாகச் சேர்ந்த இளைஞனின் மேசையைக் கடந்துசென்ற ஒரு கனவே அவனது குடும்பத்தைத் தாக்குகிறது. அவனோ பதவியில் உயர்ந்துகொண்டே போகிறான். கதை பழைய சுல்தான்களைப் பற்றியது. தடைசெய்ததோ தன்னைச் சோஷலிச அரசென்று அழைத்துக்கொண்ட ஆட்சி. அந்தக் கந்தோர் யாருடையதென்பதை அதன் அதிகாரிகள் பிழையின்றி இனங்கண்டுகொண்டனர்.