இயற்கைச் சாயமும் சுவரில் எழுதிய கதைகளும்

சென்ற மாரியில் நான் வசிக்கும் நகரத்து நூதனசாலையொன்றில் இந்தியத் துணிகளின் கண்காட்சி நடந்தது. குஜராத்தின் கச்சுப் பகுதியில் மரக்கட்டையால் அச்சிடப்படும் அஜ்ரக் துணிகளுக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். துணிகளின் அழகு பற்றி எனக்குத் தகராறில்லை. என் பிரச்சினை சுவரிலிருந்த விளக்கங்களோடுதான். இயற்கை, மரபு, ஐயாயிரம் ஆண்டு என்ற மூன்று சொற்களுக்கு மேல் அவற்றில் எதுவுமில்லை.

ஐயாயிரம் ஆண்டுக்கு ஆதாரமாக மொகஞ்சதாரோவின் 'பூசாரி அரசன்' சிலையைக் காட்டுகிறார்கள். அதன் மேலாடையில் மூவிதழ் வடிவங்கள் உண்டு. அவை துணியில் அச்சிட்டவையா, தைத்தவையா, நெய்தவையா என்று கல் சொல்லாது. மஞ்சிட்டி வகைச் சாயமேற்றிய பருத்தித் துண்டு அங்கே கிடைத்தது உண்மை. அது சாயத்துக்குச் சான்றே தவிர அச்சுக்கு அல்ல. தொன்மை மீதான ஆசையில் சான்றை இழுத்து நீட்டும் இந்த வியாதி நமக்கும் புதிதல்ல. எகிப்தின் ஃபுஸ்தாத்தில் கிடைத்த மத்தியகாலக் குஜராத் அச்சுத் துண்டுகள் இதைவிட உறுதியானவை. ஆனால் அவை கடல் கடந்து விற்கப்பட்ட சரக்கு. புனித மரபை எதிர்பார்த்து வந்தவர்களுக்குச் சந்தைச் சரக்கு உவப்பாயிராது.

சுவரில் இல்லாமற் போனது வேலை. கட்டை நிறத்தைப் பதிக்கிறது என்றுதான் பார்ப்பவர் நினைத்துப் போவார். உண்மையில் அது பெரும்பாலும் பதிப்பது, நிறம் பிடிக்கவோ பிடிக்காமலிருக்கவோ செய்யும் பசையை. ஒட்டகச் சாணம், சோடா, ஆமணக்கெண்ணெய் கலந்து ஊறவைத்த துணியை அலசிக் கடுக்காய் நீரில் தோய்க்கிறார்கள். வெள்ளையாக இருக்கவேண்டிய கோடுகளில் சுண்ணாம்பும் பிசினும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நாட்கணக்கில் புளிக்கவைத்து, புளியங்கொட்டை மாவால் தடிப்பாக்கி அச்சிட்டால், கடுக்காயோடு சேர்ந்து கறுப்பாகிறது. படிகாரம் அச்சிட்ட இடம் நீலத் தொட்டியில் தோய்த்து அலசும்வரை காத்திருந்து, கடைசியில் மஞ்சிட்டிக் கொதிநீரில்தான் சிவக்கிறது. அதாவது அச்சிடுபவர் கண்ணுக்குத் தெரியாத நிறத்தை மனக்கணக்கில் வைத்து வேலை செய்கிறார். இந்த அறிவை 'இயற்கை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடுவதை அவமரியாதை என்றே சொல்வேன்.

இயற்கைச் சாயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1859இல் வங்காள விவசாயிகள் தோட்டத்துரைமாருக்கு எதிராக எழுந்தது இந்த அவுரி நீலத்தை விதைக்க மறுத்துத்தான். சோழமண்டலக் கரைத் துணிகளைச் சிவப்பாக்கிய சாயவேரை ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டியவர்கள், அதைச் சாதிக் கடமையாகச் சுமந்தவர்கள். நம்முடைய பண்பாட்டுப் பெருமைப் பட்டியல்களில் அவர்களை நான் கண்டதில்லை.

அறுபடாத மரபு என்பதும் சரியல்ல. செயற்கைச் சாயங்கள் வந்தபின் கச்சிலும் இயற்கைச் சாயம் பின்தள்ளப்பட்டது. 1970களில் தமட்கா கிராமத்து முகமது சித்திக் கத்ரி அதற்குத் திரும்பியது ஒரு முடிவு. பழக்கத்தின் தொடர்ச்சியாக அதைக் காட்டினால் அந்த மனிதரின் பங்கு காணாமற் போகிறது. இன்றுகூடப் பல பட்டறைகளில் சிவப்பு, 1868இல் ஜேர்மனியில் செயற்கையாக ஆக்கப்பட்ட அலிசரினிலிருந்தே வருகிறது.

கத்ரிகள் தங்கள் மரபுப்படியே சிந்துவிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள். 26.01.2001 பூகம்பம் தமட்காவைத் தரைமட்டமாக்கியது. நீர் ஏற்கனவே குறைந்திருந்தது. பூகம்பத்தின் பின் கிணறுகளில் இரும்பும் கூடியது. இரும்பு கலந்த நீரில் சாயங்கள் மங்கிக் கறுத்துவிடும். ஒரு பகுதியினர் புஜ் நகருக்கருகே நிலம் வாங்கி அஜ்ரக்பூர் என்ற ஊரை உண்டாக்கினார்கள். மற்றவர்கள் தமட்காவிலேயே தங்கினார்கள். தங்கியவர்களோ போனவர்களோ, எவர் துணி அசல் என்று எங்கள் கூட்டங்களில் என்றால் இரவிரவாகச் சண்டை பிடித்திருப்போம்! சுவரிலோ பூகம்பத்துக்கு ஒரு வரிகூட இல்லை. மரபுக்கு ஊர் மாறுவது பொருந்தாதுபோலும்.

அஜ்ரக்கை ஒரு காலத்தில் சாரமாகவும் தலைப்பாகையாகவும் உடுத்தவர்கள் கச்சின் மால்தாரி மேய்ப்பர்கள். விலை கட்டாமல் அவர்களிற் பலர் மலிவான ஆலைத் துணிக்குப் போய்விட்டார்கள். நூதனசாலைக் கடையில் தொங்கிய அஜ்ரக் சால்வையொன்றின் விலை என் இரண்டு நாள் சம்பளம். சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். கையால் செய்தது, இயற்கைச் சாயம், குளிர்நீரில் கழுவவும் என்றிருந்தது. செய்தவர் பெயரோ ஊரோ இல்லை.