தொட்டும் தொடாமலும்

ராக்கெட் என்றால் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறோம். ஒரே ஒரு முறை, அது கிளம்புகிற நொடியில், கீழேயே பாருங்கள். ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் என் தங்கை மகன் தன் நீர் ராக்கெட்டுக்காகச் செய்த ஏவுகோபுரத்தைப் பார்த்ததிலிருந்து என் கண் மேலே போக மறுக்கிறது.

நாலடி உயரம்தான். ராக்கெட்டின் மூன்று வால் இறக்கைகளுக்கு நடுவே புகுந்து நிற்கும் மூன்று மெல்லிய அலுமினியக் குழாய்கள். அவற்றை இணைக்கும் வளையங்கள் இறக்கைகளுக்கு வழிவிட்டு அகன்று நிற்கின்றன. குழாய்க்கும் ராக்கெட்டின் உடம்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அதை அவன் அளந்த அழகைச் சொல்ல வேண்டும்: வீட்டிலிருந்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் செருகி, அது உரசாமல் இறங்கினால் சரி என்று வைத்துக்கொண்டான். அந்த அட்டையின் கனம்தான் அளவு. இறுக்கினால் சிக்கும், தளர்த்தினால் தள்ளாடும். அந்த நூலிழை நயத்தை எத்தனை முறை பார்த்தும் எனக்குத் தெவிட்டவில்லை.

நிற்கும்போது இறக்கைக்கு வேலையில்லை. வேகம் பிடித்து, காற்று அதன்மேல் பாய்ந்த பிறகே அது ராக்கெட்டை நேர்நிறுத்தும். அதுவரை, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் அந்தச் சிறுபொழுதுக்கு, கோபுரமே துணை. பக்கத்தில் சிறு குழல் ஒட்டி ஒற்றைக் கம்பியில் கோத்தும் ஏவலாம். ஆனால் அந்தக் குழலும் கூடவே பறந்து காற்றை உரசும். கோபுரத்தில் கிளம்புவது மேனியில் ஒரு பிசிறும் இல்லாமல் வழுவழுவென்று போகிறது.

குழாய்களின் ராக்கெட்டைப் பார்த்த பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகுவர்த்தியால் பூசியிருந்தான். விரலை ஓட்டிப் பார்த்தேன். சங்கின் உள்வாய் போல இருந்தது. பக்கத்து வீட்டு ஓடாவி, படகு கட்டியே தலை நரைத்தவர், ஒரு கண்ணை மூடிக் குழாயின் நேரைப் பார்த்தார். "தம்பி, இது ஒரு மயிரிழை சாயுது" என்றார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், ஆமாம், சாய்ந்துதான் இருந்தது.

இந்தக் கரையில் அந்தக் கண்ணுக்கும் ராக்கெட்டுக்கும் பழைய உறவு உண்டு. அப்துல் கலாமின் தகப்பனார் ஜைனுலாப்தீன், யாத்ரீகர்களை ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குக் கொண்டுபோக ஒரு மரப்படகு கட்டினார். தீயில் வாட்டிய பலகைகள் படகாவதைச் சிறுவன் கலாம் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு 1963 நவம்பர் 21. கேரளத்தின் தும்பாவில் நைக்-அப்பாச்சி ராக்கெட்டை ஏவுமேடைக்குத் தூக்கும்போது பளுதூக்கியின் ஹைட்ராலிக் கசிந்து ராக்கெட் சாயத் தொடங்கியது. கடைசியில் கலாம் உட்பட எல்லோரும் சேர்ந்து கைகளாலேயே தூக்கி நிறுத்தினார்கள். அந்த மாலையில் வானில் விரிந்த சோடியம் ஆவி மேகம் பேரழகுதான். எனக்கோ அந்தக் கைகளின் மேல்தான் கூடுதல் காதல். எங்கள் கரையோரம் தெற்கே குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ரோகிணி ஆர்.எச்.200 பறந்த செய்தியைப் படித்தபோதும், அதைச் சாய்த்து நிறுத்திய ஏவுதண்டவாளத்தைத்தான் மனம் தேடியது.

சாய்வு என்றதும் காற்று நினைவுக்கு வருகிறது. ராக்கெட் காற்று வரும் திசைக்கே முகம் திருப்பும். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் நாளில் இது சின்ன விஷயமில்லை. பையன் கோபுர உச்சியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறான். நைலான் கயிறுகள் மூன்றும் மணலில் அடித்த முளைகளுக்குப் போகின்றன. முடிச்சு, வலைக்காரர்கள் போடுவது: இழுக்க இழுக்க இறுகும், சுண்டினால் அவிழும். கச்சான் ஓய்ந்திருக்கும் விடியலில்தான் ஏவுவான்.

நான் பார்த்த அன்றும் விடியல்தான். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பால் 60 பாயிண்ட் காற்று. கயிற்றை இழுத்தான். உஸ்ஸென்று ஒரே மூச்சு. எல்லோரும் அண்ணாந்தார்கள். நான் கோபுரத்தைப் பார்த்தேன். நீர்த்துளிகள் மூன்று குழாய்களிலும் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ரிப்பன் ஒருமுறை துள்ளி அடங்கியது. ஓடாவி அருகில் வந்து ஒரு குழாயை இரு விரலால் தொட்டு, அதிர்வு அடங்கும்வரை எடுக்காமல் வைத்திருந்தார். பையன் விழுந்த ராக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து மறுபடி உள்ளே இறக்கினான். சட்டைப்பையிலிருந்து அந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்தான்.