ஆசிரியன் இறந்த சந்தை: சுட்ட படங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

இணைய ஏலச் சந்தைகளில் ஒரு காரியம் அவற்றின் தொடக்க நாட்களிலிருந்தே நடந்து வருகிறது. ஒருவர் தன்னிடமிருக்கும் பழைய கேமராவைத் துடைத்து, வெளிச்சம் பார்த்து, நாலு பக்கமும் படமெடுத்து, லென்ஸில் எங்கே கீறல், எந்தத் திருகு மாற்றப்பட்டிருக்கிறது என்று பத்து வரி எழுதித் தன் இணையதளத்தில் போடுகிறார். கொஞ்ச நாளில் அதே படம், அதே பத்து வரி, எழுத்துப் பிழை உட்பட, முன்பின் தெரியாத ஒருவரின் ஏல விளம்பரத்தில் கிடக்கிறது. பேச்சுத் தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: சுட்டுட்டான்.

வியாபாரிக்கும் வியாபாரிக்கும் நடக்கிற தகராறு, இதைப் போய் இந்தப் பக்கங்களில் எதற்குப் பேசணும் என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரதி, ஆசிரியன், நகல், உரிமை என்று நாம் வருஷக்கணக்காகப் புழங்கிய அத்தனை சொற்களும் இங்கே சோதனைக்கு வருகின்றன. ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். பூக்கோ 1969இல் ஆசிரியன் என்றால் என்ன என்று கேட்டார். நாம் கைதட்டினோம், தட்டியதில் தவறும் இல்லை. ஆனால் அந்த மரணம் சந்தையில் யாருக்குச் சாதகமாக வேலை செய்கிறது? இதுதான் என் கேள்வி.

2

ஒளிப்படம் எடுத்தவரை ஆசிரியர் எனலாமா என்ற கேள்வி அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போனதே ஒரு சுட்ட படத்தினால்தான். 1882இல் நெப்போலியன் சரோனி என்கிற நியூயார்க் ஒளிப்படக்காரர் ஆஸ்கார் வைல்டைப் படமெடுத்தார். பர்ரோ-ஜைல்ஸ் என்ற கல்லச்சு நிறுவனம் அனுமதியில்லாமல் அதை 85,000 படிகள் அச்சடித்தது. படமெடுத்தது இயந்திரம், எதிரில் இருந்ததை அது அப்படியே பதித்தது, இதில் ஆசிரியன் எங்கே வந்தான் என்பது நிறுவனத்தின் வாதம். 1884இல் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வைல்டை உட்கார வைத்தது, உடையையும் திரைச்சீலையையும் தேர்ந்தது, ஒளியையும் நிழலையும் அமைத்தது எல்லாம் சரோனியின் மனதில் உருவான கற்பனை; ஆகவே அவர் ஆசிரியர் என்றது. 1903இல் சர்க்கஸ் சுவரொட்டிகளைப் பற்றிய பிளைஸ்டைன் வழக்கில் அதே நீதிமன்றம், விளம்பரத்துக்காக வரையப்பட்டது என்பதாலேயே ஒரு படம் பாதுகாப்பை இழந்துவிடாது என்றும் சொல்லிவிட்டது.

இங்கே ஆசிரியன் என்கிற தன்னிலை கலைக்கூடத்தின் மௌனத்தில் பிறக்கவில்லை. அச்சுக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் நடந்த சண்டையில் பிறக்கிறது. ஆசிரியன் ஓர் இயற்கைப் பிறவி அல்ல, ஒரு செயற்பாடு என்று பூக்கோ சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சியம் வேண்டியதில்லை. ஆனால் செயற்பாடு என்று சொன்னதோடு வேலை முடிந்துவிடவில்லை. எதைக் காப்பாற்றுவதற்காக, எதைக் கைவிடுவதற்காக அந்தச் செயற்பாடு என்பதையும் பார்க்க வேண்டும்.

3

சரோனிக்கு உரிமை கிடைத்தது அவருடைய கற்பனைக்காக. கேமரா விற்கிறவரிடம் அந்த அளவுக்குக் கற்பனை இல்லை, இருக்கவும் கூடாது. கீறலைக் கீறலாகவே காட்டுவதுதான் அவர் வேலை. சட்டம் இங்கேதான் ஒரு விசித்திரத்துக்குள் நுழைகிறது.

1991இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஃபைஸ்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. கான்சஸ் மாநிலத்து ரூரல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் விவரப் புத்தகத்திலிருந்து பெயர்களையும் எண்களையும் ஃபைஸ்ட் என்ற பதிப்பாளர் எடுத்துக்கொண்டார். சுடுகிறவர்களைப் பிடிப்பதற்காக ரூரல் சில பொய் முகவரிகளைத் தன் புத்தகத்தில் கலந்து வைத்திருந்தது. அவற்றில் நாலு ஃபைஸ்ட்டின் புத்தகத்திலும் வந்து சேர்ந்தன. கையும் களவுமாகப் பிடிபட்டதென்றால் இதுதான். இருந்தும் ரூரல் தோற்றது. விவரங்கள் யாருக்கும் சொந்தமில்லை. நெற்றி வியர்வை உரிமையைத் தராது, சிறிதளவாவது படைப்பூக்கம் வேண்டும் என்றது நீதிமன்றம். 2007இல் நம்முடைய உச்சநீதிமன்றமும் மோதக் வழக்கில், தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடுவது குறித்து, வெறும் உழைப்பு போதாது என்று ஏறக்குறைய இதே திசையில் நடந்தது.

படத்துக்கும் இது பொருந்தும். 1999இல் பிரிட்ஜ்மேன் வழக்கில், பொதுவுடைமையான பழைய ஓவியங்களை அச்சு அசலாகப் படமெடுத்தால் அந்தப் படத்துக்குத் தனி உரிமை கிடையாது என்று நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 2008இல் மெஷ்வொர்க்ஸ் வழக்கில், டொயோட்டா கார்களைத் துல்லியமாக அளந்து கணினியில் செய்த உருமாதிரிகளுக்கும் அதே கதி.

ஆக, எவ்வளவு நேர்மையாகப் பொருளைக் காட்டுகிறாயோ அவ்வளவுக்கு நீ ஆசிரியன் இல்லை. பூ வைத்து, பட்டுத் துணி விரித்து, பொருளின் குறையை மறைத்து எடுத்தவனின் உரிமை உறுதியானது. முதுகுத் தோல் கிழிந்திருக்கிறது, 43ஆம் பக்கத்தில் மைக்கறை என்று எழுதிய பழைய புத்தகக் கடைக்காரரின் வாக்கியம் வெறும் விவரம். யாரும் அள்ளிக்கொண்டு போகலாம். நடைமுறையில் சாதாரணப் பொருட்படத்துக்கும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் உரிமை கொடுத்துவிடுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கும்போது கோணத்துக்கும் வெளிச்சத்துக்கும்தான் கொடுக்கின்றன. வாங்குகிறவருக்கு உண்மையில் பயன்பட்ட உழைப்பு, அதாவது பொருளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த உழைப்பு, சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. உழைப்பை மறைத்துக் கற்பனையை உடைமையாக்கும் இந்த அழகியல் யாருடைய அழகியல் என்று இடதுசாரி வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

4

இனி சந்தைக்காரர். ஈபே 1995இல் தொடங்கியது. 1998இல் அமெரிக்காவில் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் இடைநின்ற நிறுவனங்களுக்கு ஒரு குடை பிடித்தது. உரிமையாளர் முறைப்படி புகார் கொடுத்தால் விளம்பரத்தைத் தூக்கிவிடு. தூக்கிவிட்டால் நீ பொறுப்பாளி இல்லை. ஈபே இதற்கென்று உரிமையாளர்களுக்கான ஒரு திட்டம் வைத்திருக்கிறது. படிவத்தை நிரப்ப வேண்டியவர் உரிமையாளர் அல்லது அவருடைய முகவர் மட்டும்தான்.

2001இல் ஹென்றிக்சன் எதிர் ஈபே வழக்கில், தன் ஆவணப்படத்தின் திருட்டுப் பிரதிகள் விற்பனையாகின்றன என்று முறையிட்ட ஒரு தனிமனிதர் தோற்றார். அவர் எழுதிய கடிதம் சட்டம் கேட்கிற வடிவத்தில் இல்லை, எந்தெந்த விளம்பரம் என்று சுட்டவில்லை. 2010இல் டிஃபனி என்ற பெரிய நகை நிறுவனம்கூட, போலி நகைகள் தொடர்பான வணிகச் சின்ன வழக்கில் மேல்முறையீட்டிலும் ஈபேயை அசைக்க முடியவில்லை. போலி இருக்கிறது என்கிற பொதுவான அறிவு போதாது, இந்த விளம்பரம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். டிஃபனியால் ஆள் வைத்துத் தினமும் தேட முடியும். பழைய கேமராக்காரரால் முடியுமா?

இதற்கு எதிர்முகமும் உண்டு. பிடர்ஸ் எட்ஜ் என்ற நிறுவனம் பல ஏலத் தளங்களின் விவரங்களை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. அதன் மென்பொருள் தினமும் சுமார் ஒரு லட்சம் முறை ஈபேக்குள் நுழைந்து விவரம் எடுத்தது. ஈபே வழக்குப் போட்டு 2000 மே மாதத்தில் தடையுத்தரவு வாங்கிவிட்டது. எந்த அடிப்படையில்? அடுத்தவன் அசையும் சொத்தில் அத்துமீறல் என்கிற பழைய ஆங்கிலப் பொதுச் சட்டக் கோட்பாட்டில். கணினிகள் ஈபேயின் சொத்து, அவற்றைத் தொடாதே.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்கிறவர்கள் எழுதிய வரிகள் ஈபேயின் கிடங்கிலிருந்து வெளியே போனால் அத்துமீறல். யாரோ எழுதிய வரிகள் ஈபேயின் கிடங்குக்குள் வந்தால் புகார் வரும்வரை அது தகவல். அதிகாரம் நகல் எடுப்பதை எதிர்ப்பதும் இல்லை, ஆதரிப்பதும் இல்லை. நகல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று மட்டும் பார்க்கிறது.

தளம் தூக்கவில்லை என்றால் நீதிமன்றம் போகலாமே என்பார்கள். அமெரிக்கப் படைப்பென்றால் முதலில் படத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு முடியாமல் வழக்குப் போட முடியாது என்று 2019இல் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஐம்பது ரூபாய் லாபத்துக்கு விற்கிற பொருளின் படத்தை யார் பதிவு செய்வார்? 2022இல் சிறு கோரிக்கைகளுக்காக ஒரு வாரியம் வந்தது, நல்லது. ஆனால் எதிராளி 60 நாளைக்குள் எனக்கு விருப்பமில்லை என்று ஒதுங்கிக்கொள்ளலாம். இந்தியாவில் 2012 திருத்தத்தின்படி, புகார் கிடைத்ததும் நகலை 21 நாள் முடக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். 21 நாளுக்குள் எத்தனை பேருக்கு ஆணை கிடைக்கும் என்பதை நம் நீதிமன்ற வாசலில் நின்றவர்கள் சொல்வார்கள்.

5

இந்த இடத்தில் நம் பக்கத்திலிருந்தே ஓர் ஆட்சேபம் வரும், வர வேண்டும். நீ உரிமைப் போலீஸ் வேலை பார்க்கிறாயா? பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு திரைப்பட நிறுவனத்திடம் இருந்த காலத்தை எதிர்த்துத்தானே நம் மொழி போராடியது? 1949இல் சென்னை மாகாண அரசு அவர் படைப்புகளின் உரிமையைப் பெற்று, பிறகு பொதுவில் விட்டதைக் கொண்டாடுகிறோமே? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிறுபத்திரிகைகளில் லத்தீன் அமெரிக்கக் கதைகளையும் பிரெஞ்சுக் கோட்பாட்டையும் பெரும்பாலும் யார் அனுமதியும் கேட்காமல்தானே மொழிபெயர்த்துப் போட்டோம்?

ஆமாம், போட்டோம். ஆனால் அங்கே மூலவரின் பெயர் மேலே இருந்தது. வாசகருக்குத் தருவதாகச் சொன்னது அவர் கையில் கிடைத்தது. போர்ஹேஸ் என்று சொல்லிவிட்டு வேறெதையோ கொடுக்கவில்லை. ஏலச் சந்தையில் நடப்பது வேறு. அங்கே சுடப்படுவது படம் அல்ல, சாட்சியம்.

ஒரு விற்பனைப் படத்தின் அர்த்தம் என்ன? 'இதோ ஒரு கேமரா' என்பதல்ல. 'இந்தக் கேமரா என்னிடம் இருக்கிறது, நான் பார்த்தேன், இப்படித்தான் இருக்கிறது' என்பதுதான். பொருளுக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நின்று பொறுப்பேற்கிறார். படத்தைச் சுட்டவன் அந்த ஆளை அழித்துவிடுகிறான். அவனிடம் பொருள் இல்லாமலே இருக்கலாம். ஏலம் முடிந்ததும் வேறு கடையில் வாங்கி நேரே அனுப்பிவிடலாம் என்று காத்திருக்கலாம். இருந்தாலும் கீறல் வேறு இடத்தில் இருக்கலாம். பார்த் கொன்றது அர்த்தத்தைக் கட்டுப்படுத்துகிற தந்தையை. சாட்சி சொல்கிற மனிதரை அல்ல. இலக்கியப் பிரதியில் ஆசிரியன் இறந்தால் வாசகர் பிறக்கிறார். விற்பனைப் பிரதியில் ஆசிரியன் இறந்தால் வாசகர் பணத்தை இழக்கிறார். பிரதி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்ததில்தான் குழப்பம் இருக்கிறது.

ஈபேயின் பிறப்புக் கதையாகச் சொல்லப்படுவதும் இதைத்தான் காட்டுகிறது. பியர் ஒமித்யார் 1995இல் முதன்முதலாக விற்றது உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுக்கருவி, 14.83 டாலருக்குப் போனது. உடைந்தது என்று தெரியுமா என வாங்கியவரிடம் அவர் கேட்டாராம்; உடைந்தவற்றைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். ஒரு குறையை உள்ளபடி சொன்ன வாக்கியத்தின் மேல்தான் அந்தச் சந்தையின் புராணமே நிற்கிறது.

அந்நாட்களில் அநியாயத்துக்கு ஒரு நாட்டுப்புற நீதியும் இருந்தது. சுடுகிறவர்கள் பலர் படத்தைத் தங்களிடம் இறக்கிக்கொள்ளக்கூட மாட்டார்கள். மூலத் தளத்தின் முகவரியை மட்டும் விளம்பரத்தில் செருகிவிடுவார்கள். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஆகிற செலவு மூலவர் தலையில். கண்டுபிடித்த மூலவர் தன் தளத்தில் அந்தப் படத்தை மாற்றி, 'இது திருடிய படம்' என்று எழுதிய பலகையை அதே பெயரில் வைத்துவிடுவார். அடுத்த நொடி ஏல விளம்பரத்தின் நடுவில் பலகை தொங்கும். எந்தப் படிவமும் இல்லாமல், பார்க்கிற எல்லோருக்கும் உண்மை தெரிந்தது. எனக்கு இது சட்டத்தைவிடக் கூர்மையான விமரிசனமாகப் படுகிறது. ஏனென்றால் அது சொத்தை மீட்கவில்லை, வாங்குகிறவரை எச்சரித்தது.

6

2023இல் ஈபே, படத்தைக் காட்டினாலே விவரணையை எழுதித் தருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது. இனி யாருடைய பத்து வரியையும் சுட வேண்டியதில்லை. 'நல்ல நிலையில் உள்ளது, சேகரிப்பாளர்களுக்கு ஏற்றது' என்று இயந்திரம் எழுதிவிடும். எழுத்துப் பிழை இருக்காது, பொய் முகவரி இருக்காது, பிடிபடவும் வழியில்லை. பதிப்புரிமையின் கண்ணில் குற்றம் மறைந்துவிட்டது. ஆனால் லென்ஸைத் திருப்பிப் பார்த்தது யார்? ஒருத்தரும் இல்லை.

ஆகவே 'என் படம், என் சொத்து' என்கிற முழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தப் போரை நடத்த முடியாது. அது டிஃபனிகளின் முழக்கம்; நமக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். நாம் கேட்க வேண்டியது வேறு. பதிப்புரிமைப் புகார் கொடுக்க உரிமையாளருக்கு மட்டுமே வழி என்றால், ஒரே படம் இரண்டு இடத்தில் கிடப்பதைக் கண்டுபிடித்த வாங்குகிறவரின் சொல்லுக்கும் அதே வேகமும் அதே எடையும் வேண்டும். பழைய பொருள் என்றால் விற்பவர் எடுத்த படம்தான் என்கிற விதியைத் தளங்கள் எழுதி வைத்ததோடு நிற்காமல் அமல்படுத்த வேண்டும். இயந்திரம் எழுதிய விவரணையில் இயந்திரம் எழுதியது என்று இருக்க வேண்டும். 'பார்த்தேன்' என்று சொல்கிறவருக்குப் பெயர் இருக்க வேண்டும்.

ஆசிரியன் போகட்டும், அவனுக்காக நான் அழவில்லை. சாட்சி போனால் அடுத்து ஏமாறப் போவது யார் என்பதை மட்டும் யோசித்துக்கொள்வோம்.