பிராங்க்ளினின் கரும்புள்ளிகள்

பெஞ்சமின் பிராங்க்ளின் இளம் வயதில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கட்டங்கள். மேலே வாரத்தின் ஏழு நாட்கள், இடப்புறம் 13 நற்குணங்கள். அன்று எதில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தின்மேல் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டை விழுந்ததும், ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்த ஏடுகளுக்கு மாறினார்.

போதகர் சொன்ன பட்டியலை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தானே யோசித்து எழுதினார். நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் அதிகம் என்பதைக் கண்டு திகைத்ததாகத் தன் வரலாற்றில் சொல்கிறார். இந்த முறையின் பலம் அதுதான். மனதுக்குள் புகைந்துகொண்டிருக்கும் குற்றவுணர்வு எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

நானும் சில மாதங்கள் இப்படிக் கட்டம் போட்டிருக்கிறேன். கோபத்துக்கான வரிசையில் விழுந்த புள்ளிகள் எல்லாமே இரவு ஏழு மணிக்குமேல், வீட்டில். அலுவலகத்தில் ஒன்றுகூட இல்லை. கோபம் வந்தால் அடக்கத் தெரியாதவன் என்று அதுவரை சொல்லிவந்தது பொய். யாரிடம் காட்டினால் செல்லும் என்று தெரிந்தே காட்டியிருக்கிறேன். எந்த உபதேசமும் இதை எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் கட்டம் போட்ட இடத்தில்தானே புள்ளி விழும்? பிராங்க்ளினின் முதல் பட்டியலில் 12 குணங்களே இருந்தன. பணிவு அதில் இல்லை. பேச்சில் அவர் கர்வம் காட்டுகிறார் என்று குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் உதாரணங்களோடு எடுத்துச் சொன்ன பிறகே 13ஆவது சேர்ந்தது. என் ஏட்டைப் பார்த்த மனைவியும், “பேசாம மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்த நாளுக்கெல்லாம் புள்ளி கிடையாதா?” என்றுதான் கேட்டாள். அதைக் கோபமாக நான் கணக்கில் எடுத்ததே இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நீதி அவர் பட்டியலிலேயே இருந்தது; பிறருக்குத் தீங்கு செய்யாமை என்பது அவர் தந்த விளக்கம். அதே மனிதர் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. அதற்காக அவர் புள்ளி வைத்ததாக எங்கும் எழுதவில்லை. சுயமாகச் சிந்திப்பவர் என்று பெயரெடுத்தவரின் மனதிலும் ஊர் வழக்கம் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. இத்தகைய பழக்கத்தைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அவர் பார்வையை மாற்றத் தொடங்கியது ஏடு அல்ல. 1763இல் பிலடெல்பியாவில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி ஒன்றை நேரில் போய்ப் பார்த்தார். அவர்களுடைய திறனைப் பற்றித் தான் கொண்டிருந்த எண்ணம் உயர்ந்துவிட்டதாகக் கடிதம் எழுதினார். அதன் பிறகும் வெகுகாலம் பிடித்தது. 1787இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், அடிமை முறைக்கு எதிராக அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்ற மனுவில் கையெழுத்திட்டார். அப்போது அவருக்கு 84 வயது. ஏப்ரலில் இறந்துபோனார்.