தலவில மரத்தடியும் குழந்தை உள்ளமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் தலவிலக் கரையில் அமைந்த புனித அன்னம்மாள் ஆலயத்தின் தோற்றம் குறித்து இரு கர்ணபரம்பரைக் கதைகள் வழங்குகின்றன. மன்னாரிலிருந்து கொழும்பு நோக்கி நடந்த வறிய போர்த்துக்கேயன் ஒருவன் மரத்தடியில் உறங்கிக் கனவு கண்டு, விழித்தபோது அன்னையின் திருவுருவத்தைக் கண்டான் என்பது ஒன்று. கப்பல் உடைந்து கரைசேர்ந்த வணிகன் ஒருவன் திருவுருவத்தை மரத்தடியில் வைத்து, வாணிகம் செழித்தால் கோயில் எழுப்புவதாக நேர்ந்து, மீண்டு வந்து நிறைவேற்றினான் என்பது மற்றொன்று.

இவற்றை வரலாறாகக் கொள்வதினும் இலக்கியமாக நோக்குதல் பயன்தரும். வணிகன் கதையில் நிபந்தனை உண்டு. வழிப்போக்கன் கதையிலோ கேளாமற் கிடைத்த கொடையும் அதனைக் கண்ட வியப்புமே உள. மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு குழந்தையை நடுவில் நிறுத்தி உணர்த்திய மனநிலைக்கு இதுவே அணித்தானது எனத் தோன்றும்.

ஆயின், வணிகன் கதையை வெறும் பேரமென ஒதுக்குதல் பொருந்தாது. ஒதுக்கின், திருவிழாக் காலங்களில் நேர்த்தியோடு வரும் மீனவக் குடும்பங்களின் விசுவாசத்தையும் தாழ்த்தியவராவோம். குழந்தையும் கேட்கிறது, விலைபேசி அன்று, தருவார் உளர் என்னும் துணிவினால். திருச்சபை மரபின்படி அன்னம்மாள் மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. பாட்டியிடம் பேரப்பிள்ளை கேட்பதைப் பேரம் என்பார் யார்? கடலின் கொடுமையை அறிந்தோரின் திருவிழாக் களிப்பு அறியாமையின் விளைவன்று. அறிந்தபின்னும் அழியாத குழந்தைமையாகும்.